உங்கள் குழுவின் முதல் ஆள் அத்தைதான்

கேள்வி: அக்கா, வணக்கம். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், வயது 27. பாயான் லெப்பாஸில் ஒரு நிறுவனத்தில் இணையதளம் கட்டும் வேலை. தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் காசில்லாமல் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று ஓர் இணையதள வார்ப்புருவை எழுதி, எட்டு மாதங்களுக்கு முன், நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்து வைத்தேன். ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஒரு கோயிலும் இப்போது அதில்தான் தளம் நடத்துகின்றன. இதைச் சுற்றி நல்லதொரு தமிழ்க் குழு உருவாக வேண்டும் என்பது என் ஆசை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 112 பேர் இருக்கிறார்கள். வாழ்த்து வருகிறது, வேலை செய்ய ஒருவரும் வரவில்லை. ஒரே ஒருவர் ஒரு திருத்தம் அனுப்பினார். அலுவலக வேலையில் ஐந்து வாரம் அதைப் பார்க்க முடியவில்லை. பார்த்தபோது தரம் போதாது என்று தோன்றியது. நானே புதிதாக எழுதிச் சேர்த்துவிட்டேன். அதன்பின் அவர் வரவில்லை. அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவது, முக்கியம் என்று தெரியும். தளத்தைத் தானாகச் சோதிக்கும் லைட்ஹவுஸ் கருவியில் 100க்கு 100 வருகிறது. மீதியை ஆட்கள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஆட்களைச் சேர்ப்பது எப்படி?

பின்குறிப்பு: சர்க்கரை நோயால் பார்வை குறைந்துவரும் என் அத்தை, கைப்பேசியைப் பேசவைத்துக் கேட்கப் பழகியிருக்கிறார். தைப்பூசத்தன்று கோயில் நேரம் கேட்டு எனக்குப் போன் செய்தார். அந்தத் தளம் நான் கட்டியதுதான். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். நானே வாசித்துச் சொன்னேன்.

— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, ஆட்களைச் சேர்ப்பது எப்படி என்று கடிதம் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள். விடையைப் பின்குறிப்பில் நீங்களே எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அத்தைக்குக் கோயில் நேரம் தேவைப்பட்டது. அவர் தேடிப்போன தளம் மருமகன் கட்டியது. அது அவரிடம் பேசவில்லை. அவருக்குப் போன் செய்ய ஒரு மருமகன் இருந்தார்; வேலை முடிந்தது. போன் செய்ய யாரும் இல்லாத அத்தைகள் அன்று என்ன செய்திருப்பார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து உங்கள் திட்டத்தைத் தொடங்குங்கள். குழு பிறகு வரும். வரும் என்று உறுதியாகவே சொல்கிறேன். அப்படித்தான் வரக் கண்டிருக்கிறேன்.

நான் கோலாலம்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்போது என் வேலையில் பெரும்பகுதி, பிறர் கட்டிய தளங்களைப் பார்வையற்றவர்களோடும் கை நடுக்கம் உள்ளவர்களோடும் உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பதுதான். உங்கள் வார்ப்புருவையும் சும்மா புரட்டிப் பார்த்துவிட்டு எழுதவில்லை. அந்தக் கோயில் தளத்தை என்னோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், முதல் மாடியில் அவருடைய அறை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பல ஆண்டுகள் தொலைபேசி இயக்குநராக இருந்தவர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டு அந்த வட்டாரத்திலேயே இருப்பதால், அவரைப் போன்றவர்கள் அங்கே நிறையப் பேர் வாழ்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். நடைபாதையின் மஞ்சள் மேடுகளைத் தடியால் தொட்டபடி அவர்கள் நடக்கும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது.

அவருடைய மடிக்கணினியின் திரை எப்போதும் அணைந்தே இருக்கும். அவருக்கு அது தேவையில்லை. என்விடிஏ என்ற திரை வாசிப்பான் பேசும். அவர் கேட்டுக்கொண்டே விசைகளைத் தட்டுவார். பேச்சின் வேகம் என் காதுக்குத் தகரக் கூரையில் விழும் மழை. எனக்காகக் குறைத்து வைத்தார். தளம் திறந்தது. எச் விசையைத் தட்டினார். அது ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவும் விசை. தலைப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. உங்கள் பக்கத்தில் கண்ணுக்கு ஆறு தலைப்புகள் தெரிகின்றன, தம்பி. ஆனால் அவையெல்லாம் பெரிதாகவும் தடிமனாகவும் ஆக்கப்பட்ட சாதாரண எழுத்துகள். தலைப்புக்குரிய குறியீட்டில் ஒன்றுகூட இல்லை. கே விசையைத் தட்டி இணைப்புகளைத் தேடினார். 'மேலும்', 'மேலும்', 'மேலும்' என்று ஐந்து முறை வந்தது. எதைப் பற்றி மேலும் என்று தெரியாது. தமிழ் வரிகள் இருந்த இடத்தில் மௌனம். பிறகு அந்தப் படம் வந்தது. ஆங்கிலக் குரல் 'ஐ எம் ஜி' என்று தொடங்கி, இருபது மில்லியனுக்கு மேற்பட்ட ஓர் எண்ணை முழுவதுமாக வாசித்து, 'டபிள்யூ ஏ' என்று ஏதோ சொல்லி, 'ஜேபெக்' என்று முடித்தது.

புலனத்தில் வந்த சுவரொட்டிப் படத்தை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். ரதம் புறப்படும் நேரம், அன்னதானம் நடக்கும் இடம், காவடிக்குப் பெயர் பதியும் எண் எல்லாம் அந்தப் படத்துக்குள். நண்பர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "இதற்குள் ஏதோ முக்கியமானது இருக்கிறது. உள்ளே போக வாசல் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாள்தோறும் நடப்பது அவருக்கு.

இப்போது உங்கள் 100 மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தை ஏற்றுபவர் விளக்கம் எழுதாவிட்டால், உங்கள் வார்ப்புரு கோப்பின் பெயரையே, பார்க்க முடியாதவருக்குத் திரை வாசிப்பான் வாசிக்கும் ஆல்ட் விளக்கத்தில் போட்டுவிடுகிறது. எந்திரம் கேட்பது விளக்கம் இருக்கிறதா என்பதை மட்டும். இருக்கிறது, ஆகவே தேர்ச்சி. பக்கத்தின் மொழி என்ன என்ற இடத்தில் ஆங்கிலம் என்று போட்டிருக்கிறீர்கள். எங்கிருந்தோ எடுத்த தொடக்கக் கோப்பில் அப்படி இருந்திருக்கும். எந்திரம் கேட்பது மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று, குறிக்கப்பட்டிருக்கிறது, தேர்ச்சி. முகப்பில் சிவப்புப் பட்டின் படத்தின்மேல் மஞ்சள் எழுத்து. பின்னணி படமாக இருப்பதால் நிற வேறுபாட்டை எந்திரத்தால் கணக்கிட முடியாது, விட்டுவிடுகிறது. நான் கணக்குப் போட்டேன். சுத்தமான மஞ்சளுக்கும் சுத்தமான சிவப்புக்கும் உள்ள வேறுபாடு 3.7க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் அணுகல்தன்மை வழிகாட்டுதல் கேட்பது குறைந்தது 4.5க்கு 1. கோயிலுக்கு மஞ்சளும் சிவப்பும்தான் வேண்டும் என்று நிர்வாகத்தினர் கேட்பார்கள், நியாயம்தான். சிவப்பைக் குங்குமத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக்குங்கள். வேறுபாடு 6ஐத் தாண்டிவிடும். கோயில் கோயிலாகவே இருக்கும், அத்தையின் மிச்சப் பார்வைக்கும் எழுத்து தெரியும். உலகின் 10 லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் அமைப்பு மிக அதிகமாகக் காண்பது இந்த நிறக் குறையைத்தான். நீங்கள் தனியாகச் செய்த தவறு அல்ல இது.

மொழிக் குறிப்பை மட்டும் அங்கேயே, என் பிரதியில், தமிழ் என்று மாற்றினேன். இரண்டே எழுத்து. பக்கத்தை மறுபடி திறந்தார். அதுவரை மௌனமாக இருந்த இடத்தில் 'அருள்மிகு' என்று தமிழ்க் குரல் தொடங்கியது. என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் என்ற திறந்த மூலக் குரல் அது. உலோகத்தைத் தட்டியதுபோல் இருக்கும், அழகான குரல் இல்லை. ஆனாலும் நண்பர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முதலிலேயே செய்திருக்கலாமே" என்றார். அன்று அவர் சொன்னவற்றை மூன்று குறிப்புகளாக, அவர் சொன்ன சொற்களிலேயே, கிட்ஹப்பில் நிரல் இருக்கும் உங்கள் களஞ்சியத்தில் பதிந்திருக்கிறேன். நீங்கள் தேடிய ஆட்களில் ஒருவர் வந்துவிட்டார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. உங்கள் தளத்தில் எது உடைந்திருக்கிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த என்விடிஏ எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் குழுவைப் பற்றி வேறு மாதிரி யோசித்திருப்பீர்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற இளைஞர் அதை எழுதத் தொடங்கினார். அவர் பார்வையற்றவர். கணினியைப் பேசவைக்கும் மென்பொருளின் விலை அப்போது கணினியின் விலைக்கே போட்டியாக இருந்தது. பார்வையுள்ளவர் திரையைப் பார்க்கத் தனியாகக் காசு கொடுப்பதில்லையே என்பது அவருடைய நியாயம். சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். அவரும் பார்வையற்றவர். இன்று அது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுகிறது. அந்த மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் அதைப் பயன்படுத்துகிறவர்கள். தங்கள் மொழியில் இல்லாவிட்டால் தங்களுக்கே வேலை நடக்காது என்பதால் செய்தார்கள். யாரும் அவர்களைக் கூட்டம் போட்டு அழைக்கவில்லை. தேவை அழைத்தது. அவர்கள் கைவைக்கும்படி கதவு திறந்திருந்தது.

கதவு என்றதும் அந்த ஒருவரிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது அதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் உங்கள் நிரலைத் திறந்து, படித்து, ஒரு குறையைக் கண்டு, தன் கையால் திருத்தி அனுப்பியிருக்கிறார். 112 பேரில் வேறு ஒருவரும் செய்யாததைச் செய்திருக்கிறார். அந்தத் திருத்தத்தை நானும் பார்த்தேன். பள்ளிப் பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண்ணுக்கான பெட்டிக்கு மேலே பெயர் தெரிகிறது. ஆனால் அந்தப் பெயர் பெட்டியோடு கட்டப்படவில்லை. திரை வாசிப்பான் அங்கே வந்தால் ஏதோ ஒரு வெற்றுப் பெட்டி என்றுதான் சொல்லும். அவர் அந்தப் பெயரைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். கட்டிய விதம் சுற்றுவழிதான், ஒப்புக்கொள்கிறேன். பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் மொழியிலேயே இருக்கும் எளிய லேபிளை விட்டுவிட்டு, திரை வாசிப்பானுக்கென்று தனியாக எழுதும் ஏரியா குறிகளை அடுக்கியிருக்கிறார். இரண்டு வரியில் சொல்லியிருந்தால் மறுநாளே மாற்றியிருப்பார். நீங்கள் ஐந்து வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் பெயரே இல்லாமல் அதே வேலையை உங்கள் கையால் செய்து சேர்த்தீர்கள். அதுமட்டுமல்ல, நீங்கள் எழுதியதில் பெயர் மறுபடியும் பெட்டியோடு கட்டப்படவில்லை. பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் எழுத்தாக வைத்துவிட்டீர்கள். தட்டத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். தரம் போதாது என்று நீங்கள் தள்ளியது உங்களுடையதைவிடச் சரியாக இருந்தது.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். நன்றாக நிரல் எழுதுகிறவர்களுக்கு வரும் வியாதி இது, எனக்கும் இருந்தது. ஆனால் திறந்த மூலம் என்பது நிரலை மற்றவர் பார்க்கும்படி வைப்பதோடு முடிந்துவிடுவதில்லை. மற்றவர் கை அதில் படவும், பட்ட கையின் தடம் தெரியவும் விட வேண்டும். முதல் திருத்தம் அனுப்புகிறவருக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று நினைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, பிறகு நிரலை ஆங்கிலத்தில் கற்ற பிள்ளை ஒருவர், தான் எழுதியதை உலகத்தின் முன் வைக்கிறார். அந்த ஐந்து வார மௌனத்தில் அவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? 'எனக்கு இது வராது' என்ற முடிவுக்குத்தான்.

ஆகவே இன்று இரவே அவருக்கு எழுதுங்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள். அவருடையதுதான் சரி என்று சொல்லுங்கள். லேபிளால் அதை எப்படி இன்னும் எளிதாகச் செய்யலாம் என்று காட்டுங்கள். அவரே மாற்ற விரும்பினால் அவர் பெயரில் சேருங்கள். அவருக்கு நேரமில்லை என்றால் நீங்கள் செய்யுங்கள். ஆனால் நிரலின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் பதிவில் இணை ஆசிரியர் என்று அவர் பெயரைச் சேர்க்க வழி இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். அவர் திரும்பி வராமலும் போகலாம். அப்படியானாலும் எழுதுங்கள். இனி யார் எதை அனுப்பினாலும் இரண்டு நாளுக்குள் ஒரு பதில். 'பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கிறேன்' என்ற ஒரு வரி போதும்.

சரி, மீதி 111 பேர்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நீங்கள் அவர்களிடம் என்ன கேட்டீர்கள் என்று குழுவின் பழைய செய்திகளை எடுத்துப் பாருங்கள். 'ஆர்வமுள்ளவர்கள் பங்களிக்கலாம்' என்று கேட்டிருப்பீர்கள். அது வேலை அல்ல, அறிவிப்பு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உள்ள தண்ணீர்ப் பந்தல்களை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். பந்தல் வாசலில் சும்மா நிற்கும் பையனிடம் யாராவது, 'எங்கள் சமூகத்தில் இணைகிறாயா' என்று கேட்கிறார்களா? 'தம்பி, இந்த வாளியைப் பிடி' என்கிறார்கள். பிடிக்கிறான். அரை மணி நேரத்தில் அவனே அடுத்தவனிடம் வாளியைக் கொடுத்துவிட்டு எலுமிச்சம்பழம் நறுக்கப் போகிறான். அடுத்த ஆண்டு அவனாகவே வருகிறான். உங்கள் களஞ்சியத்தில் அந்த வாளி எங்கே இருக்கிறது? அரை மணி நேரத்தில் முடியக்கூடிய, எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று தெளிவாகத் தமிழில் எழுதிய பத்து வேலைகளைப் பதிந்து வையுங்கள். அவற்றில் ஆறு வேலைகளாவது நிரல் தெரியாதவர்கள் செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

நிரல் தெரியாதவர் செய்யக்கூடியது என்ன என்று கேட்பீர்கள். என் கணக்கில் உங்கள் திட்டத்தின் பெரிய செல்வமே அதில்தான் இருக்கிறது. பள்ளித் தளத்தில் விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்று இருக்கிறது. அதற்கு விளக்கம் 'படம்' என்று கிடக்கிறது. அந்தப் பள்ளியில் முப்பது ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரிடம் அதைக் காட்டி, பார்க்க முடியாத ஒரு பெற்றோருக்குச் சொல்வதுபோல் ஒரு வாக்கியம் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். 'மழையில் நனைந்த திடலில் நான்காம் ஆண்டு மாணவிகள் மூவர் தொடர் ஓட்டக் கோப்பையை ஒன்றாகத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்' என்று எழுதித் தருவார். என்னால் அப்படி எழுத முடியாது. உங்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன். நல்ல தமிழ் எழுதத் தெரிந்து, வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியர்கள் பினாங்கிலும் கெடாவிலும் எத்தனை பேர்! இந்த நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் வகுப்பு முதலில் தொடங்கியதும் உங்கள் பினாங்கில்தான், 1816இல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். அந்த ஊரில் தமிழ் எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். அவர்களை நிரலாளர்களின் உதவியாளர்களாக நடத்தாமல், பங்களித்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பள்ளித் தளத்தில் பழைய சுற்றறிக்கைகள் நிறையக் கிடக்கின்றன. சில பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல்லைத் திரை வாசிப்பான் ஜே, கே, பி, ஓ என்று உளறும். 2001இல் நான்காம் தமிழ் இணைய மாநாடு இங்கே கோலாலம்பூரில் நடந்தபோது நான் மாணவி; பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும் என்பதே அந்தக் காலத்தின் பெரிய கவலை. யுனிகோடு வந்து கண்ணுக்கான அந்தக் கவலை தீர்ந்துவிட்டது. காதுக்கு இன்னும் தீரவில்லை. பழைய எழுத்துருவை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; மாற்றியபின் ஒற்றும் கொம்பும் சரியாக விழுந்திருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க மனிதக் கண் வேண்டும். வாரம் ஒரு சுற்றறிக்கை, ஒருவருக்கு. கோத்தோங் ரோயோங் என்று பள்ளியில் புல் வெட்டக் கூடுகிறவர்கள் இதற்கும் கூடுவார்கள். புல் வெட்டுவதுபோல் இதற்கும் எல்லை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் சில. உங்கள் களஞ்சியத்தில் உரிமம் எதுவும் இல்லை. உரிமம் எழுதாத நிரல், பார்க்கத் திறந்திருந்தாலும் சட்டப்படி பூட்டியதுதான். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கே முழு உரிமை. யாரும் எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி உரிமம். மாற்றி வெளியிடுகிறவர்களும் திறந்தே வைக்க வேண்டும் என்றால் ஜிபிஎல் உரிமம். இன்றே ஒன்றைச் சேருங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற திறந்த எழுத்துருக்கள் இருக்கின்றன. வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள், கொம்பும் சுழியும் மேல்வரியோடு முட்டிக்கொள்ளாமல் இருக்கும். வழிகாட்டிக் குறிப்பைத் தமிழில் முதலில் எழுதி, மலாயிலும் வையுங்கள். நம் பிள்ளைகளில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கத் தயங்குவார்கள். தட்டச்சு செய்ய இயலாதவர் குரல் பதிவாக அனுப்பினால் ஏற்றுக்கொண்டு, குழுவில் ஒருவர் அதை எழுத்தாக்கிப் பதியட்டும். கிட்ஹப் கணக்கு இல்லாதவர் குறை சொல்ல முடியாது என்ற நிலையை மட்டும் வைக்காதீர்கள்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாக எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்று விற்கிறார்களே, கோயில் நிர்வாகத்தில் யாராவது அதை வாங்கலாமா என்று உங்களைக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி விற்ற ஒரு நிறுவனம் செய்த விளம்பரம் உண்மைக்குப் புறம்பானது என்று 2025இல் அமெரிக்க வணிக ஆணையம் 10 லட்சம் டாலர் கட்டவைத்தது. படத்துக்குள் இருக்கும் ரதத்தின் நேரத்தை ஒரு மனிதர் எழுத்தாகத் தட்டுவதற்குக் குறுக்குவழி கிடையாது.

சட்டம் பக்கபலமாக இருக்கிறதா என்றும் யாராவது கேட்பார்கள். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 685ஆம் எண், தகவலும் தொழில்நுட்பமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று 30ஆம் பிரிவில் சொல்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் இல்லை. வெகுகாலமாகச் சொல்லப்பட்டுவரும் குறை அது. சட்டத்தைக் காட்டிக் கோயில் நிர்வாகத்தை மிரட்ட முடியாது, மிரட்டவும் வேண்டாம். உங்கள் அத்தையை ஒரு நாள் நிர்வாகக் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போய், தளத்தைக் கைப்பேசியில் அவர் திறப்பதை ஐந்து நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு எந்த நிர்வாகமும் மறுத்துப் பேசியதில்லை.

காசு விஷயம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பார்வையற்றவர்களைச் சோதனைக்கு அழைக்கும்போது இலவசமாக அழைக்காதீர்கள். திட்டமே இலவசம்தானே, எல்லோரும் சேவையாகத்தானே செய்கிறோம் என்று தோன்றும். நீங்கள் பகலில் சம்பளம் வாங்கிவிட்டு இரவில் சேவை செய்கிறீர்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பகல் வேலையே கிடைப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் நண்பருக்கு நான் மணிக்கு 80 ரிங்கிட் கொடுக்கிறேன், வண்டிக் காசு தனி. அன்று உங்கள் தளத்துக்கு ஆன ஒன்றரை மணி நேரத்தை என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்தப் பள்ளியின் சங்கமும் கோயிலும் பாதிப் பாதி போடட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை போதும், அவர்களால் தாங்க முடியாத செலவு இல்லை. உங்களுக்கு எதிரே, பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் பாகான் ஜெர்மால் சாலையில் புனித நிக்கோலஸ் இல்லம் இருக்கிறது. 1926இல் தொடங்கிய பார்வையற்றோர் இல்லம். அங்கே போய், என்ன வேண்டும், என்ன தருவீர்கள் என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்.

இந்த மாதம் புது வசதி எதையும் சேர்க்காதீர்கள். திருத்தம் அனுப்பியவருக்கு இன்று கடிதம். நாளை மொழிக் குறிப்பும் உரிமமும். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போங்கள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அவர் கைப்பேசியில் கோயில் தளத்தைத் திறக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எங்கே நிற்கிறார், எங்கே திரும்பிப் போகிறார், எந்த இடத்தில் 'விடுப்பா' என்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். உதவிக்குக் கை நீளும், நீட்டாதீர்கள். அன்று எழுதியதைத்தான் குழுவில் முதல் பத்து வேலைகளாகப் போட வேண்டும், ஒவ்வொன்றின் கீழும் 'கண்டு சொன்னவர்: அத்தை' என்று.

அடுத்த மாதம் இரண்டாம் வாரம் வேலையாகப் பினாங்கு வருகிறேன். அத்தைக்குச் சம்மதம் என்றால் ஒரு மாலை நானும் வந்து உட்காருகிறேன். அவருடைய கைப்பேசியில் பேச்சு எந்த வேகத்தில் ஓடுகிறது, தமிழ்க் குரலா ஆங்கிலக் குரலா என்று முன்கூட்டியே கேட்டு எழுதுங்கள். என் கைப்பேசியையும் அதேபோல் அமைத்துக்கொண்டு, பஸ்ஸில் வரும்போதே உங்கள் தளத்தைக் கேட்டுப் பழகிக்கொண்டு வருகிறேன்.